முதல் பேண்டுக்கே போய்விடுங்கள்: சின்ன அரங்கில் நேரடி இசை கேட்கப் போகிறவர்களுக்கு

பெரிய மைதானக் கச்சேரிகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்குச் சின்ன அரங்கு முதல் தடவை கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். மேடை முழங்கால் உயரம்தான் இருக்கும். உட்கார நாற்காலி இருக்காது. பாடுகிறவர் ஐந்தடி தூரத்தில் நின்று உங்கள் முகத்தைப் பார்த்தே பாடுவார். மொத்தக் கூட்டமே நாற்பது பேராக இருக்கலாம். அதிலும் பாதிப் பேர் அடுத்து ஏறப்போகும் பேண்டுக்காரர்களும், அதாவது இசைக்குழுவினரும், அவர்களுடைய நண்பர்களுமாக இருப்பார்கள். நீங்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்பது பின்னால் உட்கார்ந்திருக்கும் டிரம்ஸ்காரர் வரைக்கும் தெரிந்துவிடும்.

கித்தார், பேஸ் என்ற தாழ்ந்த ஒலி கித்தார், டிரம்ஸ், ஒரு குரல் என்று நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்து சொந்தப் பாட்டு எழுதி, ஒரே இரவில் மூன்று நான்கு பேண்டுகளாக மாறி மாறி மேடையேறும் நிகழ்ச்சிகளைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன். என்ன எடுத்துப் போவது, எங்கே நிற்பது, எப்போது கைதட்டுவது எல்லாம் வரிசையாக வரும். ஆனால் ஒன்றே ஒன்றை மட்டும் கேட்பேன் என்பவருக்கு: கடைசியில் வரும் பெயர் தெரிந்த பேண்டுக்காகக் காத்திருக்காமல், முதலில் ஏறும் பேண்டுக்கே போய்விடுங்கள்.

பெரிய பெயர்களும் இப்படித்தான் தொடங்கின. பீட்டில்ஸ் 1961 முதல் 1963 வரை லிவர்பூலில் கேவர்ன் என்ற நிலவறைக் கிளப்பில் கிட்டத்தட்ட 300 தடவை வாசித்திருக்கிறார்கள். மதிய இடைவேளையில் அலுவலகத்திலிருந்து இறங்கி வந்து கேட்டுவிட்டுப் போனவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய. ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் பேண்டின் முதல் நிகழ்ச்சி 1980 ஏப்ரலில், ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் நடந்த பிறந்தநாள் விருந்தில். இதைச் சொல்வதால் நீங்கள் பார்க்கும் பேண்டும் நாளைக்கு உலகப் புகழ் பெறும் என்று அர்த்தமில்லை. பல பேண்டுகள் முதல் ஆல்பம் வருவதற்குள் படிப்பு, வேலை, சண்டை என்று ஏதோ ஒன்றில் கலைந்துவிடும். அதனால்தான் தள்ளிப்போடாமல் இப்போதே போய்க் கேட்க வேண்டும்.

எந்த இரவுக்குப் போவது

முதல் தடவைக்கு ஒரே பேண்ட் இரண்டு மணி நேரம் வாசிக்கும் இரவு வேண்டாம். மூன்று அல்லது நான்கு பேண்டுகள் உள்ள இரவைப் பாருங்கள். ஒன்று பிடிக்காவிட்டால் அரை மணியில் அடுத்தது வந்துவிடும். அரங்குகளின் மாதப் பட்டியல், பேண்டுகளின் இன்ஸ்டாகிராம் பக்கம், ஒத்திகை ஸ்டுடியோக்களின் அறிவிப்புப் பலகை, இசைக்கருவி விற்கும் கடைகளின் சுவர் ஆகிய இடங்களில்தான் இந்தத் தகவல் இருக்கும். செய்தித்தாளில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

போஸ்டரில் பெரிய எழுத்தில் இருப்பது கடைசியாக ஏறும் பேண்ட். கீழே போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே வரும். மிகச் சிறிய எழுத்தில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் முதலில் ஏறுவார்கள். எல்லா பேண்டுக்கும் இரண்டிரண்டு பாட்டு முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போனால் போதும். முழு ஆல்பத்தையும் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போனால், இது அந்த ரெக்கார்டிங் மாதிரி இல்லையே என்று ஒப்பிட்டுக்கொண்டே இரவு கழிந்துவிடும்.

வயது வரம்பு உண்டா, அடையாள அட்டை வேண்டுமா, டிக்கெட் வாசலிலும் கிடைக்குமா, திரும்பி வரக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை எல்லாம் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கடைசி பேண்டின் கடைசிப் பாட்டில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமை.

நேரக் கணக்கு

டிக்கெட்டில் போட்டிருப்பது பெரும்பாலும் கதவு திறக்கும் நேரம். முதல் பேண்ட் ஏற அதற்கு மேல் அரை மணி முதல் ஒரு மணி வரை ஆகலாம். முதலில் ஏறுபவர்கள் 25, 30 நிமிடம் வாசிப்பார்கள். ஒரு பேண்ட் இறங்கி அடுத்தது ஏற 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். கடைசி பேண்டுக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்கும் மேல். சத்தத்தை நிறுத்தியாக வேண்டிய நேரம் என்று அரங்குக்கு ஒரு வரம்பு இருக்கும். அது நெருங்கிவிட்டால் கூட்டம் எவ்வளவு கத்தினாலும் இன்னொரு பாட்டு கிடைக்காது. முதல் பேண்டிடம் 'இன்னொன்று, இன்னொன்று' என்று கேட்டுப் பயனில்லை. அவர்களுக்குக் கொடுத்த நேரம் அவ்வளவுதான்.

என்ன அணிவது, என்ன கொண்டுபோவது

வழுக்காத, மூடிய காலணி. யாராவது மிதிப்பார்கள், தரையில் ஏதாவது கொட்டியிருக்கும். லேஸை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பெரிய முதுகுப்பை வேண்டாம். நீங்கள் திரும்பும்போதெல்லாம் பின்னால் இருப்பவர் இடிபடுவார். செல்போன், சாவி இரண்டும் ஜிப் உள்ள பாக்கெட்டில். உள்ளே புழுக்கமாக இருக்கும், மெல்லிய சட்டை போதும். கொஞ்சம் சில்லறையும் நோட்டும் கையில் இருக்கட்டும், எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்.

அடுத்தது காது. இதைத்தான் புதியவர்கள் யாரும் யோசிப்பதே இல்லை. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைகிறது. 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி, 97 என்றால் அரை மணி, 100 என்றால் கால் மணிதான். சின்ன அறையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றால், மைக்கே இல்லாமல் 100ஐத் தொடும். இசை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார அமைப்பு 2022இல் வெளியிட்ட தரநிலை சொல்கிறது. எல்லா அரங்கும் அதைப் பின்பற்றுகிறது என்று நம்பிப் போக வேண்டாம். உள்காதில் ஒலியை உணரும் மெல்லிய முடி போன்ற செல்கள் அழிந்தால் மனிதருக்குத் திரும்ப வளராது.

சரி, என்ன செய்வது? இயர் பிளக் வாங்குங்கள். மலிவான ஸ்பாஞ்சு வகை சத்தத்தை நன்றாகக் குறைக்கும்; ஆனால் உச்ச ஒலிகளை அதிகமாக வெட்டிவிடுவதால், பாட்டு அடுத்த அறையில் நடப்பதுபோலக் கேட்கும். இசைக் கலைஞர்களுக்கென்று விற்கும் சிலிக்கான் வகையில் சின்ன வடிகட்டி இருக்கும். அது எல்லா ஒலியையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைப்பதால் பாட்டு பாட்டாகவே கேட்கும், சத்தம் மட்டும் இறங்கும். அடிக்கடி போகப் போகிறீர்கள் என்றால் இதுதான் சரி.

ஸ்பாஞ்சு வகையை எடுத்து அப்படியே காதில் அழுத்தினால் பாதிகூட உள்ளே போகாது. முதலில் விரல்களுக்கு நடுவில் வைத்து மெல்லிய திரியாக உருட்டுங்கள். வலது காதுக்கு என்றால், இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். காதுத் துளை நேராகும். உருட்டியதை உள்ளே நுழைத்து, அது விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். உங்கள் குரலே உங்களுக்குத் தலைக்குள்ளிருந்து கனமாகக் கேட்டால் சரியாகப் பொருந்திவிட்டது. பஞ்சும் டிஷ்யூ பேப்பரும் காதை அடைத்த மாதிரி ஒரு திருப்தி தருமே தவிர, சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. சிறுவர்களைக் கூட்டிப்போனால் காதை முழுதாக மூடும் மஃப் போட்டுவிடுங்கள்.

மேடை விளக்கு வேகமாக விட்டுவிட்டு மின்னும். நொடிக்கு 3 முதல் 30 தடவை மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடியது. உங்களுக்கோ கூட வருபவருக்கோ அந்தப் பிரச்சினை இருந்தால், அரங்கில் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

வாசலில்

கையில் முத்திரை குத்துவார்கள், இல்லையென்றால் ஒரு காகிதப் பட்டை கட்டுவார்கள். வெளியே போய்த் திரும்ப வரலாமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் ஒருமுறை வெளியே போனால் போனதுதான்.

சில அரங்குகளில் டிக்கெட் கிழிப்பவர் 'யாரைப் பார்க்க வந்தீர்கள்' என்று கேட்பார். ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று 'எல்லாரையும்தான்' என்று சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். அவர் கையில் ஒரு தாள் இருக்கும். அதில் பேண்டுகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேராகக் கோடு கோடாக எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் சில இடங்களில் பேண்டுக்குப் பணமே பிரிப்பார்கள். யாரையும் தெரியாது என்றால், முதலில் ஏறும் பேண்டின் பெயரைச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு நேரே கோடுகள் குறைவாகத்தான் இருக்கும்.

எங்கே நிற்பது

நல்ல இடம் என்றால் மேடைக்கு முன்னால்தானே என்று நினைப்போம். பார்க்க அதுதான் நல்ல இடம், கேட்க இல்லை. காரணம் எளிது. சின்ன அறையில் டிரம்ஸ் சத்தம் நேரடியாக வருகிறது. கித்தார் சத்தம் மேடையில் இருக்கும் ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வருகிறது. பாடுகிறவரின் குரல் மட்டும் மேடையின் இரு பக்கமும் இருக்கும் பெரிய ஸ்பீக்கர்கள் வழியாக வருகிறது. அந்த ஸ்பீக்கர்கள் பார்ப்பது முன்வரிசையை இல்லை, அறையின் நடுவை. ஆக முன்வரிசையில் நிற்பவருக்கு டிரம்ஸும் கித்தாரும் மண்டையைப் பிளக்கும், குரல் எங்கேயோ தலைக்கு மேலே போய்விடும். கித்தார் ஆம்புக்கு நேர் எதிரே நின்றால் இன்னும் மோசம். அதன் கூர்மையான ஒலி டார்ச் ஒளியைப்போல நேர்கோட்டில் பாயும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும்.

அறையின் பின்பகுதியில், பெரும்பாலும் நடுவில், ஒருவர் மிக்சர் என்ற ஒலிக் கலவைப் பலகையின் முன்னால் நின்று பொத்தான்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். அவர்தான் சவுண்ட் இன்ஜினியர். அவர் தன் காதுக்குச் சரியாகக் கேட்கும்படிதான் எல்லாவற்றையும் வைப்பார். எனவே அவருக்கு முன்னால் நான்கைந்து அடி தள்ளி நின்றால், அவர் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள். மூலைகளையும் சுவர் ஓரத்தையும் தவிருங்கள். தாழ்ந்த ஒலி அங்கே தேங்கி, பேஸ் மட்டும் குமுறிக்கொண்டிருக்கும்.

இதைச் சொன்ன வாயாலேயே இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் பேண்ட் ஏறும்போது மேடைக்கு முன்னால் அரைவட்டமாக ஒரு வெற்றிடம் இருக்கும். வந்திருக்கும் அத்தனை பேரும் அதைச் சுற்றிச் சுவர் ஓரமாக நிற்பார்கள், யாரும் முதலில் முன்னால் போக மாட்டார்கள். மேடையிலிருந்து பார்த்தால் அந்தக் காலித் தரைதான் கண்ணில் படும். நீங்களும் கூட வந்தவரும் இரண்டாவது பாட்டில் அந்த வெற்றிடத்துக்குள் நான்கடி எடுத்து வையுங்கள், போதும். இரண்டு பேர் போனால் மூன்றாவது ஆள் வருவார், அப்புறம் தானாகவே நிரம்பும். பாடுகிறவரின் தோள் இறங்குவதை, கண் மேலே நிமிர்வதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். காதில் பிளக் இருப்பதால் முன்னால் நின்று கேட்பதில் தவறில்லை. முதல் பேண்டுக்கு முன்னால் நில்லுங்கள், கடைசி பேண்டுக்கு மிக்சர் பக்கம் வந்துவிடுங்கள் என்பது என் ஆலோசனை. அப்போது முன்வரிசைக்கு ஆள் நிறைய இருப்பார்கள்.

முதல் பாட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

நிகழ்ச்சிக்கு முன்பு கருவிகளையும் மைக்கையும் வாசித்துப் பார்த்து ஒலியைச் சரிசெய்யும் சவுண்ட் செக் பெரும்பாலும் தலைகீழ் வரிசையில் நடக்கும். கடைசியில் வாசிப்பவர்கள் முதலில் சோதித்துப் பார்ப்பார்கள். முதலில் வாசிப்பவர்கள் கடைசியாகச் சோதித்து, கருவிகளை அப்படியே மேடையில் விட்டுவிடுவார்கள். முன்னால் சோதிப்பவர்களுக்கு நேரம் இழுத்துவிட்டால், முதல் பேண்டுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடமோ, 'மைக் வேலை செய்கிறதா, சரி' என்ற அளவோதான். அதோடு காலி அறையில் வைத்த ஒலி, ஆட்கள் வந்ததும் மாறிவிடும். மனித உடல்களும் துணிகளும் உச்ச ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும். எனவே முதல் பாட்டில் குரல் அமுங்கியிருப்பதும், மைக் ஒருமுறை கீச்சென்று கத்துவதும் சகஜம். கத்துவது ஏன் என்றால், ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியை மைக் திரும்பப் பிடித்து அனுப்ப, அது சுழன்று சுழன்று பெருகிவிடுகிறது. குரல் கேட்கவில்லை என்று மைக்கை ஏற்றினால் இது வரும், இறக்கினால் குரல் போய்விடும். சவுண்ட் இன்ஜினியரின் பாடே இதுதான். இரண்டாவது பாட்டுக்குள் பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்.

பாட்டு தெரியாதபோது எப்படிக் கேட்பது? வரிகளைப் பிடிக்க முயல வேண்டாம், அந்த அறையில் நடக்காது. ஒரு பாட்டுக்கு ஒரு கருவி என்று எடுத்துக்கொண்டு அதை மட்டும் பின்தொடருங்கள். முதலில் பேஸ். புதியவர்கள் கவனிக்காமல் விடுவது அதைத்தான். பேஸ்காரரின் வலது கையையும் டிரம்ஸ்காரர் காலால் அடிக்கும் பெரிய டிரம்மையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் பாட்டு தரையில் நிற்கும், உங்கள் கால் தானே தாளம் போடும். பாட்டு திரும்பும் இடங்களில் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்துக்கொள்வார்கள். நன்றாக ஒத்திகை பார்த்த பேண்டா என்று தெரிய அந்தப் பார்வையைக் கவனித்தாலே போதும். பல்லவி இரண்டாவது தடவை வரும்போது உங்களுக்கே பிடிபட்டுவிடும், மூன்றாவது தடவை கூடவே பாடலாம். பாப்-ராக் பாட்டின் அமைப்பே அதற்காகத்தான்.

பாட்டுக்கு நடுவே கித்தார்காரர் குனிந்து காலடியில் ஒரு சின்னப் பெட்டியை மிதிப்பார், ஒலி நின்றுவிடும், அதில் விளக்குகள் இடவலமாக ஓடும். சுருதி சேர்க்கிறார். அந்த அரை நிமிட மௌனத்தில் பாடகருக்கு என்ன பேசுவதென்று தெரியாது, கை மைக் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது ஒரு கைதட்டலோ ஒரு 'ஏய்!' சத்தமோ பெரிய உதவி. தந்தி அறுந்துவிட்டால் அதைவிட நீண்ட மௌனம். பொறுமையாக இருங்கள்.

மெதுவான பாட்டில் பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேசாதீர்கள், மேடைக்கே கேட்கும். வீடியோ எடுக்கலாம், ஒரு பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் கூடாது, கை நெஞ்சளவில் இருக்கட்டும். அவ்வளவு சத்தத்தில் செல்போன் மைக் திணறிக் கரகரப்பைத்தான் பதிவு செய்யும், வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

கூட்டம் குதிக்க ஆரம்பித்தால்

வேகமான பாட்டில் நடுவில் ஒரு சிறு கும்பல் இடித்துக்கொண்டு குதிக்கும். உள்ளே போவதும் போகாததும் உங்கள் விருப்பம். வேண்டாமென்றால் மிக்சர் பக்கமாகவோ ஓரமாகவோ நகர்ந்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உள்ளே போனால் முழங்கையை மடக்கி நெஞ்சருகே வைத்துக்கொள்ளுங்கள். யாராவது விழுந்தால் உடனே தூக்கி விடுவதுதான் அங்கே முதல் விதி, கூட்டமே நின்றுவிடும். இடிக்கிற சாக்கில் யாராவது தவறாகக் கை வைத்தால் சகித்துக்கொண்டு நிற்காதீர்கள். அரங்கின் பாதுகாவலரிடமோ வாசலில் இருப்பவரிடமோ சொல்லுங்கள். தலைசுற்றினால் வெளியே காற்றுக்கு வந்து தண்ணீர் குடியுங்கள்.

பேண்ட் இறங்கிய பிறகு

கடைசிப் பாட்டு முடிந்த கையோடு போய்ப் பேச நிற்காதீர்கள். அடுத்த பேண்டுக்காக அவர்கள் மேடையைக் காலி செய்தாக வேண்டும். டிரம்ஸ் பல இரவுகளில் பொதுவானதுதான். ஆனால் ஒவ்வொரு டிரம்ஸ்காரரும் தன் ஸ்னேர் என்ற சின்ன டிரம், சிம்பல் என்ற உலோகத் தட்டுகள், கால் பெடல் மூன்றையும் தானே கொண்டுவந்து பூட்டுவார், தானே கழற்றுவார். வியர்வை வழிய, சிம்பலை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்குபவரைக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டாம்.

பத்து நிமிடம் கழித்து அரங்கின் ஓரத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் அவர்களே வந்து நிற்பார்கள். டி-ஷர்ட், ஸ்டிக்கர், சில சமயம் சிடியோ கேசட்டோ இருக்கும். நோட்டும் சில்லறையும் கொண்டுவரச் சொன்னது இதற்குத்தான், கார்டு இயந்திரம் பாதி நாள் வேலை செய்யாது. ஒரு ஸ்டிக்கர் வாங்கினாலும் அந்தப் பணம் நேராக அவர்கள் கைக்குப் போகிறது. அதே அளவு பணம் ஆன்லைன் கேட்பிலிருந்து வர அவர்களுடைய பாட்டு எத்தனையோ தடவை ஓட வேண்டும். டி-ஷர்ட் வாங்குவதானால் அளவு இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், இரவு முடிவில் யாருக்கும் பொருந்தாத அளவுகள்தான் மிஞ்சும்.

என்ன பேசுவது என்று தயங்குபவர்கள் நிறைய. 'சூப்பர்' என்று சொல்லிவிட்டு இருவரும் விழிப்பதைவிட, 'மூன்றாவதாக வாசித்தீர்களே, டிரம்ஸ் நின்று திரும்ப வந்ததே, அந்தப் பாட்டின் பெயர் என்ன?' என்று கேளுங்கள். பேச்சு தானாக நடக்கும். பெயரை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், அது இன்னும் வெளிவராத பாட்டாக இருக்கலாம். மேடைத் தரையில் டேப் போட்டு ஒட்டியிருக்கும் பாட்டுப் பட்டியல் வேண்டுமென்றால், கடைசி பேண்ட் முடிந்த பிறகு கேட்டு வாங்குங்கள். நடுவில் பிய்க்காதீர்கள்.

வெளியே வந்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காதில் லேசாக ரீங்காரம் இருந்தால் சத்தம் அதிகமாகிவிட்டது என்று பொருள். அடுத்த தடவை இன்னும் பின்னால் நில்லுங்கள், இடைவேளைகளில் வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள். அன்றிரவு ஹெட்ஃபோன் வேண்டாம். ரீங்காரம் மறுநாளைக்கு மறுநாளும் நிற்கவில்லை, அல்லது ஒரு காது அடைத்தே இருக்கிறது என்றால், தானாகச் சரியாகிவிடும் என்று விடாமல் காது மருத்துவரைப் பாருங்கள்.